நெஞ்சு வலியும் ஒரு சோடாவும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் சேர்ந்து, அங்கிருந்து மேலும் சிறிது தூரம் சென்றால் உப்பிலியபுரம் வரும். ஒரு புறம் பச்சைமலை, மறு புறம் கொல்லிமலை; நடுவே நிலக்கடலையும் சின்ன வெங்காயமும் சோளமும் விளையும் பூமி. மலையழகை வர்ணிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. திருச்சிக்கும் இவ்வூருக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் என்பதே இங்கே நமக்கு முக்கியமான விஷயம். பகற்பொழுதில் பஸ் ஏறி ஜவுளி எடுக்கப் போகிறவருக்கு அது ஒரு தூரமே அல்ல. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்டத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது காசி யாத்திரைக்குச் சமானம்.

அப்படிப்பட்ட வேளையில் நம் கிராமாந்தரங்களில் நடப்பது என்ன? "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா உடைத்துக் கொடுங்கள்" என்பார் ஒருவர். ஓமத் திரவம் கொண்டு வருவார் இன்னொருவர். மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுக்கும்படி உள்ளேயிருந்து ஒரு பாட்டி குரல் கொடுப்பாள். ஏப்பம் ஒன்று வந்துவிட்டால் போதும். கூடியிருந்தவர்கள் அனைவரும் நிம்மதியடைந்து வீடு திரும்புவார்கள். "பொழுது விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று நோயாளியும் படுத்துவிடுவார். சிலருக்கு அந்தப் பொழுது விடிவதேயில்லை.

வாயு என்று ஒன்று இல்லவே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால், நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, அதிலும் நீரிழிவோ இரத்தக் கொதிப்போ பீடிப் பழக்கமோ உள்ளவருக்கு, மார்பின் நடுவே பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போன்ற அழுத்தமும், தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றில் பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் கண்டால், அது வாயுவா, மாரடைப்பா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது. இ.ஸி.ஜி. என்னும் கருவியை வைத்துப் பார்க்கும் வைத்தியருக்கே அது உண்டு. அவரும் சில சமயங்களில் ஒன்றுக்கு இரண்டு தடவையாக எடுத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்லுவார். பெண்களில் சிலருக்கும் நீரிழிவுக்காரர்கள் சிலருக்கும் வலி என்பதே இல்லாமல், மூச்சு முட்டலும் களைப்பும் குமட்டலும் மட்டுமே வருவதுண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். "அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று ஒன்றுமில்லை, வெறும் அசதிதான்" என்று எத்தனை வீடுகளில் இருந்துவிடுகிறார்கள்!

இனி, நெஞ்சுக்குள் அப்போது நடப்பது யாது என்று பார்ப்போம். உடம்பெங்கும் இரத்தத்தை இறைத்துக் கொடுக்கும் ஹிருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கும் அந்தத் தசைக்கு ஆகாரம் கொண்டுபோய்க் கொடுப்பவை கரோனரி என்னும் நாளங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் குறுக்களவே கொண்ட மெல்லிய குழாய்கள் அவை. அவற்றில் ஒன்று திடீரென்று அடைபடுவதுதான் மாரடைப்பு. அடைபட்ட அரைமணி நேரத்துக்கெல்லாம் அந்தக் குழாயை நம்பியிருந்த தசை மடியத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மடிந்த ஹிருதயத் தசை மறுபடி முளைப்பதில்லை.

குழாய் எதனால் அடைபடுகிறது? "கொழுப்பு அடைத்துக்கொண்டது" என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். வாய்க்காலில் வண்டல் படிந்து படிந்து ஒருநாள் தண்ணீர் நின்றுபோவதைப் போல, இரத்தக் குழாயிலும் கொழுப்புப் படிந்து ஒருநாள் மூடிக்கொள்வதாகப் பலரும் எண்ணியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு எளிதான உவமைதான். ஆனால் பாதிதான் சரி. கொழுப்பு குழாயின் உள்வாயில் படிவதில்லை. குழாயின் சுவருக்குள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்ததைத் தின்று தீர்க்க வரும் இரத்த வெள்ளணுக்கள் அதைத் தின்ன முடியாமல் தின்று, அங்கேயே கொழுத்து மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்து, சுவருக்குள் ஒரு கட்டி உண்டாகிறது. மேலே மெல்லிய தோல், உள்ளே கூழ். என்றோ ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில், காயம் பட்ட இடத்தில் உறைவதைப் போலவே, இரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டியே குழாயை மூடிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். "நேற்றுவரை வயலில் மண்வெட்டி பிடித்த மனிதன், ஒரு வலியும் சொன்னதில்லையே!" என்று ஜனங்கள் ஆச்சரியப்படுவதுண்டு. குழாயைப் பாதியளவுகூட அடைக்காத சிறு கட்டியும் கிழிந்துவிடக்கூடும். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. நேற்று மண்வெட்டி பிடித்தது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

அந்தக் கட்டியின் கூழில் முக்கியமாக இருப்பதுதான் கொலஸ்டிரால். பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைப் பித்தக் கற்களில் கண்டெடுத்தார்கள். கிரேக்க பாஷையில் பித்தம், கெட்டி என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயரும் சூட்டினார்கள். 1913-இல் ருஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்புக் கட்டிகள் உண்டாவதைக் காட்டினார். முயல் புல் தின்னும் பிராணி, மனிதனுக்கு அந்தச் சோதனை பொருந்தாது என்று அநேகர் அதை ஒதுக்கினார்கள். 1948-இல் அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான ஜனங்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய பின்னரே, இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் மிகுதி என்பது மனிதர் விஷயத்திலும் ஐயமற விளங்கிற்று.

ஆயினும் கொலஸ்டிராலை விஷமென்று எண்ணுவது பெரும் பிழை. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் உறையிலும் அது இருக்கிறது. பித்தநீரும், வைட்டமின் டி-யும், ஆண்மை பெண்மைக்குரிய சுரப்புகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் முதலிய உறுப்புகள் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். தங்கடம் என்னவெனில், அது நெய்யைப் போன்றது. தண்ணீரான இரத்தத்தில் கரையாது. எனவே புரதத்தாலான வண்டிகளில் ஏற்றித்தான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பவேண்டும். கல்லீரலிலிருந்து பாரம் ஏற்றி வரும் வண்டிக்கு எல்.டி.எல். என்று பெயர். மிஞ்சிய பாரத்தைத் திரும்ப ஏற்றிப் போகும் வண்டி எச்.டி.எல். சரக்கு வண்டிகள் தெருவில் மிகுந்துவிட்டால் சில வண்டிகள் வீட்டுச் சுவரில் மோதத்தானே செய்யும்! எல்.டி.எல். மிகுந்தால் நேருவது அதுவே. அந்த வண்டிகளைக் கல்லீரல் எப்படித் திரும்ப இழுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவின் பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வண்டிகளைக் குறைப்பதற்கு மருந்து கண்ட கதை சுவையானது. அகிரா எண்டோ என்னும் ஜப்பானியர் குடியானவர் வீட்டில் பிறந்து, இளமையிலேயே காளான்களிலும் பூஞ்சைகளிலும் ஈடுபாடு கொண்டவர். பெனிஸிலின் கண்ட பிளெமிங்கின் வரலாறு அவர் மனத்தைக் கவர்ந்தது. பூஞ்சைகளிலிருந்து கிருமிக்கு மருந்து கிடைக்குமானால் கொலஸ்டிராலுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது என்று எண்ணி, 1971-இல் தேடத் தொடங்கினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்த பிறகு, கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப் பூஞ்சையிலிருந்து 1973-இல் மருந்து அகப்பட்டது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், பயனில்லை. கம்பெனியார் கைவிடும் நிலைக்கு வந்தார்கள். எண்டோ சளைக்காமல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோழிகளின் இரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கிற்று! அந்த வழியில் வந்த ஸ்டேடின் ஜாதி மருந்துகளில் முதலாவது 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அவற்றை உண்ணுகிறார்கள். எண்டோவுக்கு அதனால் செல்வம் சேரவில்லை. 2024-இல் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். புழுத்த அரிசியையும் பூஞ்சை பிடித்த அரிசியையும் ரேஷன் கடையில் திட்டிக்கொண்டே வாங்கிய அனுபவமுடைய நமக்கு, அதே பூஞ்சையில் ஓர் அமிர்தம் இருந்ததென்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பூஞ்சை பிடித்த அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாமென்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

மருந்து கொலஸ்டிராலைக் குறைப்பது சரி, உயிரைக் காக்குமா? இக்கேள்விக்கு 1994-இல் விடை வந்தது. ஸ்காண்டிநேவிய தேசங்களில் ஹிருதய நோயுள்ள 4,444 பேரை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஸ்டேடினும் மறு பாதியினருக்கு வெறும் மாத்திரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து உண்டவர்களில் 182 பேர். அதன் பின்னர் நடந்த பல சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டதில், எல்.டி.எல். அளவை ஏறக்குறைய 39 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது.

"இதெல்லாம் வெண்ணெயும் மாமிசமும் தின்னும் மேல்நாட்டாருக்கு, கூழும் கஞ்சியும் குடிக்கும் நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டும். இரண்டையும் நடத்தியவர் கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப். 52 தேசங்களில் நடந்து 2004-இல் வெளியான முதல் ஆராய்ச்சியில், தென்னாசியரை மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே தாக்குகிறது என்று தெரிந்தது. குடும்பத்தைத் தாங்கும் வயதில், பெண்ணுக்குக் கலியாணமும் பையனுக்குப் படிப்பும் பாக்கியிருக்கும் வயதில்! 2014-இல் வெளியான இரண்டாவது ஆராய்ச்சி இன்னும் கசப்பான செய்தியைத் தந்தது. 17 தேசங்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கவனித்ததில், பணக்கார தேசத்தாரிடம் கொலஸ்டிரால் முதலிய அபாயங்கள் அதிகம். ஆனால் ஹிருதய நோயால் சாவு குறைவு. இந்தியா போன்ற ஏழை தேசங்களில் அபாயங்கள் குறைவு; சாவோ அதிகம். நம்மைக் கொல்லுவது கொழுப்பு மாத்திரம் அன்று; தூரமும் தாமதமும், மருந்து தொடர்ந்து கிடைக்காமையும் சேர்ந்தே கொல்லுகின்றன.

நம்மவர் இரத்தத்துக்குத் தனிக் குணமொன்றும் இருக்கிறது. சென்னை டாக்டர்கள் அஞ்சனாவும் மோகனும் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட அகில இந்திய ஆய்வில், மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் நூற்றுக்கு 24 பேர்தாம். ஆனால் நல்ல வண்டியாகிய எச்.டி.எல். குறைந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 67 பேர். டிரைகிளிஸரைடு என்னும் மற்றொரு கொழுப்பு மிகுந்தவர்கள் 32 பேர். ஏதேனும் ஒரு வகையில் கொழுப்புக் கணக்கு தவறியவர்களைச் சேர்த்தால் நூற்றுக்கு 81 பேர்! ஆகையால் "மொத்தம் 180 தானே, பயமில்லை" என்று காகிதத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பது போதாது. எல்.டி.எல். பொதுவாக 100-க்குள் இருக்கவேண்டும் என்றும், அபாயம் மிகுந்தவர்களுக்கு 70-க்குள், மாரடைப்பு ஏற்கெனவே வந்தவர்கள் போன்றோருக்கு 55-க்குள் இருக்கவேண்டும் என்றும் இந்திய ஹிருதய வைத்தியர் சங்கம் 2024-இல் வரையறுத்தது. பதினெட்டு வயதிலேயே ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுகிறது. சாதாரணமாக அதற்குப் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. தகப்பனாரோ சகோதரரோ இளவயதில் மாரடைப்பால் போன குடும்பத்தில் இதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் மெலிந்த தேகமுடையவர்களாயிருந்தாலும் தப்புவதில்லை.

ஆகார விஷயத்துக்கு வருவோம். வகுப்பில் இதைப் பற்றிச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "ஐயா, முட்டையில் மஞ்சளை எறிந்துவிட வேண்டுமா?" என்று கேட்டான். ஒரு மஞ்சட்கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருப்பது மெய்யே. ஆனால் நம் உடம்பு தானே தினமும் தயாரிப்பது அதைப்போல் பல மடங்கு. உணவிலிருந்து அதிகம் வந்தால் பெரும்பாலோர் உடம்பு தன் தயாரிப்பைச் சிறிது குறைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் கிடைக்கும் முட்டையை அந்தப் பையன் முழுதாகவே சாப்பிடட்டும். நீரிழிவும் கொழுப்பும் உள்ள அவனுடைய தாத்தா வைத்தியரைக் கேட்டுக்கொண்டு அளவாகச் சாப்பிடட்டும்.

முட்டையைவிட எல்.டி.எல்.லை ஏற்றுவது பூரிதக் கொழுப்பு, அதாவது குளிரில் உறையும் ஜாதிக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் ஒன்பது பங்கு. நெய்யில் பாதிக்கு மேல். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் அதனிலும் குறைவு. கடலை விளையும் ஊரில் வாழ்பவர்கள் கடலையை விற்றுவிட்டு, அந்தக் காசில் பாமாயிலில் பொரித்த பலகாரம் வாங்கித் தின்பது என்ன கணக்கோ நமக்கு விளங்கவில்லை. எண்ணெய்ப் புட்டிகளின் மேல் "கொலஸ்டிரால் அற்றது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்டிரால் கிடையாது. "எங்கள் பசு முட்டையிடாது" என்று விளம்பரம் செய்வதற்கு ஒப்பான பேச்சு அது. செக்கு எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. கிராமக் கைத்தொழில் செழிக்கவேண்டும் என்னும் ஆவலில் நாம் யாருக்கும் பின்வாங்கியவரல்லர். ஆயினும் செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். மணத்துக்காக வாங்குங்கள், மருந்தென்று எண்ணி இரட்டிப்பாக ஊற்றாதீர்கள்.

வனஸ்பதியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய்யைப்போல் கெட்டியாக்கிய அந்தச் சரக்கு 1930-களில் நம் தேசத்துச் சமையலறைகளுக்குள் புகுந்தது. 1940-களில் மகாத்மா காந்தி அதற்கு விரோதமாக எழுதினார். அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட எல்.டி.எல்.லை ஏற்றி நல்ல எச்.டி.எல்.லை இறக்கும் இரட்டைத் தீமை செய்வது என்று விஞ்ஞானம் நிரூபிப்பதற்கு 1990-கள் வரை ஆயிற்று. எண்ணெய், வனஸ்பதி வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்ற சட்டம் இந்தியாவில் அமலுக்கு வந்தது 2022 ஜனவரி முதல் தேதி. ஆனால் ஒரே எண்ணெயைக் காலையிலிருந்து இரவு வரை திரும்பத் திரும்பக் காய்ச்சும் பஜ்ஜிக் கடைச் சட்டிக்குள் எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்?

நம்மவருக்கு டிரைகிளிஸரைடு மிகுவதற்கு எண்ணெயைவிட அரிசியும் சர்க்கரையுமே பெரிய காரணம். மூன்று வேளையும் தீட்டிய அரிசி, நடுவில் நாலு தடவை சர்க்கரை போட்ட காப்பி, தேநீர். செலவழியாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கித் தெருவில் விடுகிறது. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் விளைகிற சாமையையும் தினையையும் நம் வீட்டார் மறந்து, பட்டணத்துக்காரர்கள் அழகிய பைகளில் அடைத்து மும்மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் காயும் கூட்டினால் போதும். அதிசயப் பத்தியம் ஒன்றும் வேண்டாம். பூண்டும் வெந்தயமும் நல்லவைதாம், ஆனால் எல்.டி.எல். 190 உள்ளவர் வெந்தயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது, வெள்ளத்தைத் துடைப்பத்தால் தடுப்பது போலாகும். பீடியையும் சிகரெட்டையும் விட்டால் கிடைக்கும் நன்மைக்கு எந்தப் பத்தியமும் ஈடாகாது.

மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிச் சொன்னோம். ஸ்டேடின் உண்பவர்கள் சிலருக்குத் தசை வலி வருவதுண்டு. இரத்தச் சர்க்கரை சற்றே ஏறுவதும் உண்டு. வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாக இதைக் கொடுப்பதில்லை. இவை நியாயமான காரணங்கள். "ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது, இனி எதற்கு?" என்பது நியாயமன்று, மருந்தினால் நன்றாக வந்த ரிப்போர்ட் அது. விலையும் பெரிதன்று. ஸர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். ஜன ஔஷதிக் கடைகளில் குறைந்த விலை.

மறுபடி அந்த 60 கிலோமீட்டருக்கு வருகிறோம். கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லசாரியும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவரை எடுத்த எடுப்பில் பெரிய ஊருக்கு ஓட்டாமல், பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியிலேயே இ.ஸி.ஜி. எடுத்து, இரத்த உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பது அந்த ஏற்பாடு. 2,420 நோயாளிகளைக் கவனித்ததில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023-இல் தமிழ்நாட்டு ஸர்க்கார் "இதயம் காப்போம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரைகளைத் தயாராக வைக்க ஏற்பாடு செய்தது. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, ஸ்டேடின் ஜாதியைச் சேர்ந்த அடார்வாஸ்டேடின் 8. முதல் இரண்டும் இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும். மூன்றாவது, கிழிந்த கட்டியை அமைதிப்படுத்தும். கியோட்டோவின் பூஞ்சை இப்படித்தான் நம் சுகாதார நிலையத்து அலமாரி வரை வந்து சேர்ந்தது. இவற்றை வீட்டில் வாங்கி வைத்துத் தாமே விழுங்கக் கூடாது. இரத்தப் போக்கோ மூளையில் இரத்தக் கசிவோ உள்ளவருக்கு அதனால் கேடு விளையும். கொடுக்கத் தெரிந்தவர் கொடுக்கவேண்டும்.

ஆகவே நெஞ்சில் அழுத்தம் கண்டால் சோடாவைத் தேடாமல் 108-க்குச் சொல்லுங்கள். நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள். மாடிப்படி ஏறி இறங்கவும் விடாதீர்கள். வண்டி வருவதற்குள் அவர் உண்ணும் மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். வலி ஆரம்பித்த மணி எத்தனை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி முதல் 12 மணி நேரத்துக்குள்ளேயே பயன்படும். அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.